பதினோரு பாகங்களில் ஒரு ஃபஸ் பெடல்: வீட்டிலேயே கட்டுவதும் மாற்றிப் பார்ப்பதும்

கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் வைத்து, காலால் மிதித்து ஒலியை மாற்றும் பெட்டிதான் பெடல். 1966-இல் லண்டனைச் சேர்ந்த ஆர்பிட்டர் நிறுவனம் ஃபஸ் ஃபேஸ் என்ற கிட்டார் பெடலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மைக் ஸ்டாண்டின் அடித்தட்டைப் போல வட்டமான பெட்டி. உள்ளே இரண்டு ட்ரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், இரண்டு பாட் (திருகி அளவை மாற்றும் ரெசிஸ்டர்). மொத்தமே பதினோரு பாகங்கள். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மேடையில் மிதித்த பெடல்களில் முக்கியமானது இது.

முதல் பெடல் கட்டப் போகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். பாகங்கள் குறைவு என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இதில் சும்மா இருக்கிற பாகம் ஒன்றுகூட இல்லை. எதைத் தொட்டாலும் ஒலி மாறும், அந்த மாற்றம் காதுக்குத் தெளிவாகத் தெரியும். ரெடிமேட் கிட் வாங்கி எண்ணுக்கு எண் பொருத்திப் பற்றவைத்தாலும் பெடல் வேலை செய்யும். ஆனால் எந்தப் பாகம் என்ன செய்கிறது என்று தெரிந்து கட்டினால், நாளைக்கு ‘கொஞ்சம் கனம் குறைந்தால் நன்றாக இருக்கும்’ என்று தோன்றும்போது எதை மாற்றுவது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. இந்த வழிகாட்டி அதற்காகத்தான்.

ஒலி ஏன் கரகரக்கிறது

1961-இல் வெளியான ஒரு பாடலை அமெரிக்காவின் நாஷ்வில்லில் பதிவு செய்தபோது மிக்சர் கன்சோலின் ஒரு சானல் பழுதாகி, பேஸ் கிட்டாரின் ஒலி கரகரவென்று வந்தது. அதை அழிக்காமல் அப்படியே பாட்டில் விட்டுவிட்டார்கள். அந்தப் பழுதை வேண்டும்போது வரவழைக்க என்று செய்யப்பட்ட மேஸ்ட்ரோ ஃபஸ் டோன், 1962-இல் கடைக்கு வந்தது. ஃபஸ் பெடல்களின் கதை அங்கிருந்து தொடங்குகிறது.

நடப்பது இதுதான். கிட்டாரிலிருந்து வரும் சிறிய மின் அலையை ட்ரான்சிஸ்டர் பல மடங்கு பெரிதாக்குகிறது. ஆனால் பேட்டரி 9 வோல்ட்தான். அலை அதற்கு மேலேயும் போக முடியாது, கீழே பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஒரு எல்லையைத் தாண்டியும் போக முடியாது. இடிக்கிற இடத்தில் அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிறது. வழவழப்பாக இருந்த அலை சதுரமாகும்போது அதில் புதிய மேல் ஒலிகள் பிறக்கின்றன. கரகரப்பு, நீண்டு நிற்கும் நாதம் எல்லாம் அதன் விளைவுதான். மேல் உச்சியும் கீழ் உச்சியும் எந்த அளவுக்கு, எவ்வளவு திடீரென்று வெட்டுப்படுகின்றன என்பதுதான் ஒரு பெடலுக்கும் இன்னொரு பெடலுக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி.

சிலிக்கான் போதும்

முதலில் வந்த ஃபஸ் ஃபேஸில் ஜெர்மானியம் ட்ரான்சிஸ்டர்கள் இருந்தன. பிறகு சிலிக்கானுக்கு மாறினார்கள். ஜெர்மானியத்தின் ஒலி மிருதுவானது, அதற்கென்று ஒரு ரசிகர் கூட்டமே உண்டு. ஆனால் அது வெப்பத்துக்கு ஆடும். சூடு ஏற ஏறக் கசிவு மின்னோட்டம் கூடி, உள்ளே அமைத்து வைத்த வோல்ட் நிலை நகர்ந்துவிடும். குளிர்ந்த அறையில் அருமையாக ஒலித்த பெடல் மே மாதச் சென்னையில் திறந்தவெளி மேடையில் திக்கித் திணறும். போதாததற்கு, சாதாரண மல்டிமீட்டரால் ஜெர்மானியத்தை அளந்தால் அந்தக் கசிவும் சேர்ந்து கெயின், அதாவது பெருக்கும் அளவு, அதிகமாகக் காட்டும். பழைய ரேடியோக்களில் ஏசி 128 என்ற ஜெர்மானியம் ட்ரான்சிஸ்டர் கிடைத்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள், இரண்டாவது பெடலுக்கு ஆகும். முதல் பெடல் சிலிக்கானில் இருக்கட்டும்.

என்னென்ன வேண்டும்

ட்ரான்சிஸ்டருக்கு பிசி 547 போதும், எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். அதில் ஏ, பி, சி என்று மூன்று வகை. ஏ-யின் கெயின் 110 முதல் 220, பி 200 முதல் 450, சி 420 முதல் 800. இரண்டு இரண்டாக மூன்று வகையும் வாங்குங்கள், ஒப்பிட்டுக் கேட்கத் தேவைப்படும்.

ரெசிஸ்டர்: 33 கே, 100 கே, 470 ஓம், 100 ஓம், 4.7 கே, 1 எம் (கே என்றால் ஆயிரம் ஓம், எம் என்றால் பத்து லட்சம் ஓம்). எல்லாம் கால் வாட், மெட்டல் ஃபிலிம் வகையாக இருந்தால் இரைச்சல் குறைவு. கெப்பாசிட்டர்: 2.2 மைக்ரோ, 22 மைக்ரோ, 100 மைக்ரோ ஃபாரட் எலெக்ட்ரோலிட்டிக் ஒவ்வொன்று, 0.01, 0.047, 0.1 மைக்ரோ ஃபாரட் ஃபிலிம் வகை. 100 மற்றும் 220 பிக்கோ ஃபாரட் செராமிக். பாட்: 1 கே லீனியர் ஒன்று, 500 கே லாக் ஒன்று. 10 கே டிரிம்மர் (ஸ்க்ரூ டிரைவரால் திருப்பும் குட்டி பாட்) ஒன்று. பவரைத் தலைகீழாக இணைத்துவிட்டால் சுற்றைக் காக்க 1என்5817 டயோடு, ஒரு எல்இடி.

இவையெல்லாம் சென்னை ரிச்சி தெருவில் ஒரே நடையில் வாங்கிவிடலாம். ஒன்பது கால் கொண்ட கால் சுவிட்சையும், 1590பி என்ற அளவில் வரும் வார்ப்பு அலுமினியப் பெட்டியையும் பெடல் பாகங்கள் விற்கும் இணையக் கடைகளில் தேடுவது சுலபம். கிட்டார் ஜாக்குகளில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். மலிவான ஜாக்கின் ஸ்பிரிங் தளர்ந்தால் மேடையில் ஒலி விட்டு விட்டு வரும். நல்ல பெடல் கெட்டுப்போனதுபோலத் தோன்றும்.

கருவிகள்: 25 வாட் சால்டரிங் அயர்ன், மெல்லிய 60/40 ஈயக் கம்பி, கட்டர், மல்டிமீட்டர், பிரெட்போர்டு (பற்றவைக்காமல் பாகங்களைச் செருகிப் பார்க்கும் துளைப் பலகை). மல்டிமீட்டர் இல்லாமல் இறங்க வேண்டாம். முந்நூறு ரூபாய் மீட்டர் போதும், அதில் ட்ரான்சிஸ்டர் அளக்கும் துளைகள் இருந்தால் இன்னும் நல்லது.

முதலில் பிரெட்போர்டு

ஈயத்தைத் தொடுவதற்கு முன் முழுச் சுற்றையும் பிரெட்போர்டில் அமைத்துக் கேட்டுவிடுங்கள். அடாப்டர் வேண்டாம், 9 வோல்ட் பேட்டரியே போதும். மலிவான அடாப்டரின் கீச்சு ஒலி உங்கள் சுற்றின் குறைபோல் தெரிந்து குழப்பும்.

பிசி 547-இன் தட்டையான முகம் உங்களைப் பார்த்து, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904 போன்ற அமெரிக்க வகைகளில் இது நேர் தலைகீழ்: எமிட்டர், பேஸ், கலெக்டர். வேறு எண் வாங்கியிருந்தால் டேட்டா ஷீட்டைப் பார்க்காமல் செருகாதீர்கள். முதல் ட்ரான்சிஸ்டரை கியூ1, இரண்டாவதை கியூ2 என்று வைத்துக்கொள்வோம். இணைப்புகள் இந்த வரிசையில்:

1. கியூ1 எமிட்டர் நேராகக் கிரவுண்டுக்கு. பேட்டரியின் நெகட்டிவ்தான் கிரவுண்டு.
2. 9 வோல்ட்டிலிருந்து 33 கே ரெசிஸ்டர் வழியாக கியூ1 கலெக்டருக்கு.
3. கியூ1 கலெக்டரிலிருந்து ஒரு வயர் நேராக கியூ2 பேஸுக்கு.
4. 9 வோல்ட்டிலிருந்து 470 ஓம். அதன் மறுமுனையிலிருந்து 10 கே டிரிம்மர் வழியாக கியூ2 கலெக்டருக்கு. டிரிம்மரின் நடுக்காலும் ஒரு ஓரக்காலும் போதும். 470-உம் டிரிம்மரும் சந்திக்கும் இடத்தை நினைவில் வையுங்கள், ஒலி வெளியே வருவது அங்கிருந்துதான்.
5. கியூ2 எமிட்டர் 1 கே பாட்டின் மூன்றாவது காலுக்கு. முதல் கால் கிரவுண்டுக்கு. நடுக்காலில் 22 மைக்ரோவின் பாசிட்டிவ், அதன் நெகட்டிவ் கிரவுண்டுக்கு. பாட்டின் தண்டு உங்களை நோக்கி, கால்கள் கீழே இருக்கும்போது இடது ஓரம் ஒன்று, வலது ஓரம் மூன்று.
6. கியூ2 எமிட்டரிலிருந்து 100 கே வழியாக கியூ1 பேஸுக்கு.
7. கிட்டார் உள்ளே வரும் முனையிலிருந்து 2.2 மைக்ரோ வழியாக கியூ1 பேஸுக்கு. கெப்பாசிட்டரின் பாசிட்டிவ் முனை பேஸ் பக்கம். உள்ளே வரும் முனையிலிருந்து கிரவுண்டுக்கு 1 எம் ரெசிஸ்டர் ஒன்று. இது மூலச் சுற்றில் இல்லை, சுவிட்சை மிதிக்கும்போது ‘டப்’ என்று வராமலிருக்கச் சேர்க்கிறோம்.
8. நான்காவது படியில் சொன்ன சந்திப்பிலிருந்து 0.01 மைக்ரோ வழியாக 500 கே பாட்டின் மூன்றாவது காலுக்கு. முதல் கால் கிரவுண்டு, நடுக்கால் ஆம்ப்ளிஃபயருக்கு.

வோல்ட்டை அளந்து சரிசெய்வது

பலரும் தாண்டிப் போய்விடுகிற கட்டம் இது. ஃபஸ் ஃபேஸ் நன்றாக ஒலிப்பதும் மோசமாக ஒலிப்பதும் முடிவாவது இங்கேதான், அதனால் பொறுமையாகவே சொல்கிறேன்.

மல்டிமீட்டரின் கருப்பு முனையைக் கிரவுண்டில் வைத்துவிட்டு, சிவப்பால் ஒவ்வொரு காலாகத் தொடுங்கள். கியூ1 பேஸில் 0.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். கியூ1 கலெக்டரும் கியூ2 பேஸும் ஒரே இடம்தான், அங்கே 1.3 பக்கம். கியூ2 எமிட்டரில் 0.7 சுமார். கியூ2 கலெக்டர்தான் நாம் பிடிக்க வேண்டிய ஆள்: அதை 4.5 வோல்ட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பேட்டரியின் பாதி. அங்கே நின்றால்தான் அலை மேலேயும் கீழேயும் ஏறத்தாழச் சமமாக நீளும், இரண்டு பக்கமும் வெட்டுப்படும்.

மூலச் சுற்றில் டிரிம்மர் இருக்கும் இடத்தில் 8.2 கே ரெசிஸ்டர் இருந்தது. அதை அப்படியே சிலிக்கானுக்குப் போட்டால் என்ன ஆகும் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எமிட்டரில் 0.7 வோல்ட், அதன்கீழ் 1 கே பாட். ஆக ஓடுவது 0.7 மில்லி ஆம்பியர். ஏறத்தாழ அதே மின்னோட்டம்தான் மேலே கலெக்டர் பக்கமும் ஓடுகிறது. அங்கே 470 ஓமும் 8.2 கே-யும் சேர்ந்து 8.67 கே. 0.7-ஐ 8.67-ஆல் பெருக்கினால் 6 வோல்ட் சொச்சம். ஒன்பதில் ஆறு போனால் கலெக்டரில் மூன்று வோல்ட்தான் மிஞ்சும். 4.5 வேண்டுமென்றால் மொத்தம் 6.4 கே போதும், அதாவது டிரிம்மர் 6 கே அளவில் நிற்க வேண்டும். கெயின் குறைந்த ட்ரான்சிஸ்டர் என்றால் எமிட்டர் வோல்ட் கொஞ்சம் கூடி, இன்னும் குறைவான ரெசிஸ்டன்ஸ் தேவைப்படும். இதனால்தான் அங்கே நிலையான ரெசிஸ்டர் போடாமல் டிரிம்மர் வைக்கிறோம்.

சிறிய ஸ்க்ரூ டிரைவரால் டிரிம்மரைத் திருப்பி 4.5-இல் நிறுத்துங்கள். பிறகு கிட்டாரைச் செருகி, வாசித்துக்கொண்டே இரு பக்கமும் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். சிலருக்கு 5 வோல்ட் பிடிக்கும், சிலருக்கு 4. வோல்ட் ஏறிக்கொண்டே போனால் ஒலி மெலிந்து, சுரம் தேயும்போது ‘கரக் கரக்’ என்று அறுபட்டு நிற்கும். அதையே விரும்பித் தேடுகிறவர்களும் உண்டு. மீட்டர் உங்களைச் சரியான தெருவுக்குக் கொண்டுபோய் விடும், வீட்டைக் காதுதான் கண்டுபிடிக்கும்.

அளவுகள் முற்றிலும் தப்பாக வந்தால் அதுவும் ஒரு தகவல்தான். கியூ2 கலெக்டரில் முழு 9 வோல்ட் இருந்தால் கியூ2 வழியாக மின்னோட்டமே ஓடவில்லை: கால் மாறியிருக்கும், அல்லது 33 கே சரியான துளையில் இல்லை. கியூ2-இன் கலெக்டரும் எமிட்டரும் கிட்டத்தட்ட ஒரே வோல்ட் காட்டினால் கியூ1 தூங்குகிறது: 100 கே இணைப்பையும் கியூ1-இன் கால்களையும் பாருங்கள்.

மாற்றிப் பார்ப்பது

சுற்று பாட ஆரம்பித்தவுடன் உடனே பெட்டிக்குள் போட அவசரப்படாதீர்கள். பிரெட்போர்டில் இருக்கும்வரை ஒரு பாகத்தை மாற்ற பத்து விநாடி போதும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாகம். அதே கிட்டார், அதே ஆம்ப் செட்டிங், அதே நாலு சுரம். ஃபோனில் பதிவு செய்து வைத்துக்கொண்டால் அடுத்த நாள் ஒப்பிடலாம். காதின் நினைவாற்றல் மிகக் குறுகியது, அதை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

உள்ளே வரும் கெப்பாசிட்டரில் தொடங்குங்கள். 2.2 மைக்ரோ எல்லாக் கீழ்ஸ்தாயியையும் உள்ளே விடும். ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் அலையாக்கும் பாகம்) உள்ள கிட்டாரில் அது தடித்த கம்பிகளைக் குழம்பாக்கிவிடும். 0.1 மைக்ரோ போட்டால் இறுக்கமாகும், 0.047 போட்டால் இன்னும் மெலியும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் போன்ற சிங்கிள் காயில் கிட்டாருக்கு 2.2-ஐயே விட்டுவிடுவேன்.

அடுத்தது ட்ரான்சிஸ்டர்கள். இரண்டு இடத்திலும் பிசி 547சி போட்டால் தேனீக்கூட்டம் போலச் சீறும், கிட்டாரில் வால்யூமைக் குறைத்தாலும் முழுதாகத் தெளியாது. கியூ1-க்கு ஏ வகை, கியூ2-க்கு பி வகை என்பது எனக்குப் பிடித்த சேர்க்கை. கியூ1-இல் கெயின் குறைவாக இருப்பது நல்லது என்பது ஜெர்மானியம் காலத்திலிருந்தே பெடல் கட்டுகிறவர்கள் கடைப்பிடிக்கும் வழக்கம். ட்ரான்சிஸ்டரை மாற்றும் ஒவ்வொரு முறையும் 4.5 வோல்ட்டைத் திரும்பச் சரிசெய்ய மறக்காதீர்கள். இல்லையென்றால் நீங்கள் ஒப்பிடுவது ட்ரான்சிஸ்டர்களை இல்லை, வோல்ட் நிலைகளை.

சிலிக்கான் ஃபஸ்ஸுக்கு ஒரு பழைய சிக்கல் உண்டு: ரேடியோ ஸ்டேஷன் பிடிக்கும். ஒலி நின்ற இடைவெளியில் யாரோ செய்தி வாசிப்பது கேட்கும். கியூ1-இன் கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவில் 100 அல்லது 220 பிக்கோ ஃபாரட் செராமிக் கெப்பாசிட்டரைப் போட்டால் அடங்கும். கூடவே மேல்ஸ்தாயியின் கீச்சும் கொஞ்சம் மழுங்கும், சிலிக்கான் கடூரமாக இருக்கிறது என்று சொல்கிறவர்களுக்கு அதுவே பாதி மருந்து.

ஃபஸ் ஃபேஸின் ஒலி அளவு சில நேரம் போதாமல் இருக்கும், பெடலைப் போட்டால் கிட்டார் பாண்டுக்குள் பின்வாங்கிவிடும். காரணம் அந்த 470 ஓம்தான். கலெக்டரில் உருவாகும் பெரிய அலையில் 470-க்கும் மொத்த ரெசிஸ்டன்ஸுக்கும் உள்ள விகிதம் மட்டும்தான் வெளியே வருகிறது, பதினான்கில் ஒரு பங்கு மாதிரி. 470-ஐ 1 கே ஆக்கி, டிரிம்மரை அந்த அளவுக்குக் குறைத்து 4.5-க்குக் கொண்டுவந்தால் ஒலி இரண்டு மடங்கு ஆகும். நிறம் மாறாது.

1 கே ஃபஸ் பாட்டைக் குறைத்து வைக்கும்போது என்ன நடக்கிறது என்பதையும் கவனியுங்கள். 22 மைக்ரோ கெப்பாசிட்டர் எமிட்டரில் உள்ள ஒலி அலையைக் கிரவுண்டுக்கு விழுங்கிக்கொள்கிறது. பாட்டைக் குறைத்தால் விழுங்க முடியாமல் ஒரு பங்கு எமிட்டரிலேயே நின்று, 100 கே வழியாக உள்ளே திரும்பிப் போய்ப் பெருக்கத்தை அடக்குகிறது. டிசி பாதையில் முழு 1 கே-யும் எப்போதும் இருப்பதால் வோல்ட் நிலை நகர்வதில்லை. இவ்வளவு குறைந்த பாகங்களில் இவ்வளவு நேர்த்தியான வேலை, எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது. ஆனாலும் ஃபஸ்ஸை முழுதாக ஏற்றிவிட்டு, கிட்டாரின் வால்யூமை ஏழுக்கும் பத்துக்கும் நடுவில் ஓட்டிப் பாருங்கள். பாதி தெளிந்து, விரலழுத்தத்துக்கு ஏற்ப மாறும் ஒலி கிடைக்கும். ஃபஸ் ஃபேஸின் நிஜமான அழகு அங்கேதான் இருக்கிறது.

போர்டில் பற்றவைப்பது

பிடித்த மதிப்புகள் முடிவானதும் டாட் போர்டுக்கு மாற்றுங்கள். கடையில் ஜெனரல் பர்ப்பஸ் பிசிபி என்று கேட்டாலும் தருவார்கள். சதுரக் கட்டத் தாளில் பாகங்களின் இடத்தை வரைந்துகொண்டு, 9 வோல்ட் மேலே, கிரவுண்டு கீழே, ஒலி இடமிருந்து வலம் என்று அமைத்தால் பிறகு பழுது பார்க்கச் சுலபம். ட்ரான்சிஸ்டர்களை நேரடியாகப் பற்றவைக்காதீர்கள். ஐசி சாக்கெட்டை மூன்று மூன்று துளையாக வெட்டி அதில் செருகுங்கள். சூடும் படாது, மாற்றவும் வசதி.

பவர் வரும் இடத்தில் புதிதாக மூன்று பாகம் சேர்க்கிறோம். 9 வோல்ட் முதலில் 1என்5817 வழியாக, பிறகு 100 ஓம் வழியாகச் சுற்றுக்குப் போகட்டும். அந்த 100 ஓமின் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 100 மைக்ரோ. டயோடு தலைகீழ் இணைப்பிலிருந்து காக்கும், மற்ற இரண்டும் அடாப்டரின் ஹம்மை வடிகட்டும். டயோடில் 0.2 வோல்ட் போல இறங்கும், அதனால் போர்டு முடிந்தபின் டிரிம்மரை ஒருமுறை சரிபாருங்கள்.

பற்றவைப்பதில் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: காலையும் செம்பு வட்டத்தையும் அயர்ன் நுனியால் ஒன்றாகச் சூடாக்கி, ஈயத்தை அவற்றின்மேல் கொடுங்கள், அயர்ன்மேல் அல்ல. இரண்டு மூன்று விநாடியில் ஈயம் பளபளவென்று பரவி எரிமலை வடிவில் நிற்க வேண்டும். உருண்டையாக, மங்கலாக நின்றால் டிரை சால்டர், அதாவது சரியாக ஒட்டாத இணைப்பு, திரும்பச் சூடாக்குங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள்.

பெட்டியும் சுவிட்சும்

1590பி பெட்டி ஏறத்தாழ 112 x 60 x 31 மில்லி மீட்டர். உள்ளே பேட்டரியும் வேண்டுமென்றால் இடம் நெருக்கும், முதல் முறை கட்டுகிறவர்கள் ஒரு அளவு பெரிய 125பி எடுத்துக்கொள்ளலாம். உலோகப் பெட்டிதான் வேண்டும்; அது கிரவுண்டோடு சேர்ந்து வெளி இரைச்சலைத் தடுக்கிறது. கால் சுவிட்சுக்கு 12 மில்லி மீட்டர் துளை, பாட்டுக்கு 7 சொச்சம், ஜாக்குக்கு 10 அளவில். வாங்கிய பாகத்தை அளந்துவிட்டே துளையிடுங்கள். சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி குத்தி, 3 மில்லி மீட்டரில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்கினால் டிரில் வழுக்காது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அலுமினியச் சீவல் கண்ணில் பட்டால் விளையாட்டு இல்லை.

கால் சுவிட்சின் ஒன்பது கால்களை மூன்று நிரலாகப் பாருங்கள். ஒவ்வொரு நிரலிலும் நடுக்கால் மேலே அல்லது கீழே உள்ள காலோடு இணையும். முதல் நிரல்: நடுவில் கிட்டார் உள்ளே வரும் ஜாக், மேலே போர்டின் உள்முனை. இரண்டாவது நிரல்: நடுவில் வெளியே போகும் ஜாக், மேலே வால்யூம் பாட்டின் நடுக்கால். முதல் இரண்டு நிரலின் கீழ்க்கால்களை ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடுங்கள். மூன்றாவது நிரல்: நடுவில் கிரவுண்டு, மேலே எல்இடியின் நெகட்டிவ். எல்இடியின் பாசிட்டிவ் 4.7 கே வழியாக 9 வோல்ட்டுக்கு. இப்போது சுவிட்ச் மேலே இருந்தால் ஒலி போர்டு வழியாகப் போகும், எல்இடி எரியும். கீழே இருந்தால் ஜாக்கிலிருந்து ஜாக்குக்கு நேரடியாகப் போகும். சுவிட்சின் கால்களில் சூட்டை நீட்டிக்காதீர்கள், உள்ளே பிளாஸ்டிக் இளகி சுவிட்சே போய்விடும்.

உள்ளே வரும் ஜாக்குக்கு ஸ்டீரியோ வகை வாங்குங்கள். ஸ்லீவ் காலைக் கிரவுண்டுக்கும், ரிங் காலை பேட்டரியின் நெகட்டிவுக்கும் கொடுத்தால், கிட்டார் வயரைச் செருகும்போது மட்டும் பேட்டரி வேலை செய்யும். அடாப்டர் ஜாக் பெடல் உலகின் வழக்கப்படி நடுவில் நெகட்டிவ், வெளியே பாசிட்டிவ்.

ஒலி வரவில்லையென்றால்

முதலில் சுவிட்சை மாற்றிப் பாருங்கள். நேரடி வழியிலும் ஒலி இல்லையென்றால் தவறு ஜாக்கிலோ சுவிட்ச் வயரிலோ இருக்கிறது, போர்டைத் தொடவே வேண்டாம். நேரடி வழி சரி, பெடல் வழி மட்டும் மௌனம் என்றால் முன்பு சொன்ன நான்கு இடங்களின் வோல்ட்டையும் அளங்கள்.

வோல்ட் எல்லாம் சரியாக இருந்தும் ஒலி வராவிட்டால் ஒரு சின்னக் கருவி செய்துகொள்ளுங்கள். ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் கிட்டார் வயரின் திறந்த முனையில், நடுக்கம்பியோடு 0.1 மைக்ரோ கெப்பாசிட்டர் ஒன்றைச் சேர்த்து அதன் மறுகாலை ஊசிபோல வையுங்கள். வயரின் வெளிப்பின்னலைப் பெடலின் கிரவுண்டோடு கிளிப்பால் பிடியுங்கள். ஆம்ப் வால்யூமைக் குறைத்துவிட்டு, யாரையாவது கிட்டாரைத் தட்டச் சொல்லி, அல்லது ஃபோனிலிருந்து ஒரு பாட்டை உள்ளே விட்டு, உள்முனையிலிருந்து ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே போங்கள். 2.2 மைக்ரோவின் இரு பக்கம், கியூ1 கலெக்டர், கியூ2 கலெக்டர், சந்திப்பு, 0.01-இன் மறுபக்கம், வால்யூம் பாட். எந்த இடம்வரை கேட்டு எந்த இடத்தில் அறுகிறதோ, அந்த இரண்டுக்கும் நடுவில்தான் பழுது. பெரிய பெடல்களையும் இதே முறையில்தான் பழுது பார்க்கிறார்கள்.

கடையில் வாங்கிய பெடலை மாற்ற

கை பழகியபின் அடுத்த நல்ல பாடம் ஐபனேஸ் நிறுவனத்தின் டியூப் ஸ்க்ரீமர் டிஎஸ்9 என்ற பெடல். 1979-இல் வந்த டிஎஸ்808-உம் 1982-இல் வந்த டிஎஸ்9-உம் உள்ளே ஏறத்தாழ ஒரே சுற்று. முக்கிய வித்தியாசம் கடைசியில் உள்ள இரண்டு ரெசிஸ்டர். டிஎஸ்9-இல் 470 ஓம், 100 கே. டிஎஸ்808-இல் 100 ஓம், 10 கே. இந்த இரண்டை மாற்றினால் 808-இன் மதிப்புகள் வந்துவிடும். வித்தியாசம் மெல்லியதுதான், பெரிய அதிசயம் எதிர்பார்க்க வேண்டாம். ஐசி-யை ஜேஆர்சி 4558-க்கு மாற்றுவதற்குக் கொடுக்கப்படும் விலையும் என் காதுக்கு அதிகமாகத்தான் படுகிறது.

பெரிய மாற்றம் வேறு இரண்டு இடத்தில் இருக்கிறது. பெருக்கும் பகுதியில் 4.7 கே ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோ கெப்பாசிட்டரும் தொடராக நிற்கின்றன. இவை இரண்டும் சேர்ந்து 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியைக் குறைவாகப் பெருக்க வைக்கின்றன. டியூப் ஸ்க்ரீமருக்கே உரிய மூக்கொலி இதன் பங்கில்லாமல் வராது. கெப்பாசிட்டரை 0.1 ஆக்கினால் அந்த எல்லை 340 பக்கம் இறங்கி, உடம்பு கூடும். இரண்டாவது இடம், எதிரெதிராகப் பார்த்து நிற்கும் இரண்டு சிலிக்கான் டயோடு. அலையை 0.6 வோல்ட்டில் வெட்டுவது அவைதான். ஒரு பக்கத்தில் இன்னொரு 1என்4148-ஐத் தொடராகச் சேர்த்தால் மேலும் கீழும் வெவ்வேறு அளவில் வெட்டுப்பட்டு, ஒலி கொஞ்சம் திறந்து பேசும். இரண்டுக்கும் பதில் சிவப்பு எல்இடி போட்டால் வெட்டும் எல்லை 1.7 வோல்ட் பக்கம் ஏறி, சத்தம் கூடும், அழுத்தம் குறையும்.

பெட்டியைத் திறந்ததும் போர்டின் இரு பக்கத்தையும் ஃபோட்டோ எடுங்கள். பேட்டரியையும் அடாப்டரையும் கழற்றியபின்தான் அயர்ன். ஈயம் உறிஞ்சும் செம்புப் பின்னலால் பழைய ஈயத்தை முழுதாக எடுத்துவிட்டே பாகத்தை இழுங்கள். அவசரப்பட்டு இழுத்தால் செம்பு வட்டமும் சேர்ந்து பிய்ந்துவரும். கழற்றிய பாகங்களை ஒரு கவரில் போட்டு, அதன்மேல் போர்டில் அச்சிட்ட எண்ணை எழுதிப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

இரண்டு பெடலையும் ஒன்றாகப் பயன்படுத்தும்போது கிட்டாரிலிருந்து வரும் வயர் முதலில் ஃபஸ்ஸுக்குள் போக வேண்டும். ஃபஸ் ஃபேஸ் கிட்டாரின் பிக்கப்போடு நேரடியாகப் பேசும் சுற்று. அதன் உள் இம்பீடன்ஸ் (உள்ளே வரும் அலைக்குக் காட்டும் தடை) மிகக் குறைவு. டிஎஸ்9-இல் அணைத்து வைத்திருந்தாலும் பஃபர் (பிக்கப்பையும் அடுத்த சுற்றையும் பிரித்து நிற்கும் பகுதி) வழியாகத்தான் ஒலி போகும், அந்த பஃபர் முன்னால் வந்தால் ஃபஸ் கடுமையாகி, கிட்டார் வால்யூமைக் குறைத்துத் தெளிய வைக்கும் குணம் போய்விடும். பஃபர் வைத்த டியூனரும் ஃபஸ்ஸுக்குப் பின்னால்தான். ஜெர்மானியத்தில் இரண்டாவது பெடல் கட்டினால் அது பெரும்பாலும் பாசிட்டிவ் கிரவுண்டாக இருக்கும்; அதை மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டர் சங்கிலியில் சேர்க்காமல் தனி பேட்டரி கொடுங்கள்.